வாளியை எண்ணிப் பாத்தி போடுவோம்
தம்புள்ளை வட்டார வீட்டுத்தோட்டங்கள்: சித்திரை மழைக்குப் பின்

சித்திரை மழை ஓய்ந்து வைகாசி பிறக்கும் இந்நாட்களில் தம்புள்ளை வட்டாரத்து வீட்டுத்தோட்டங்கள் பார்ப்பதற்குச் செழிப்பாகவே இருக்கும். புதுவருடத்தை ஒட்டிப் போட்ட கீரை அறுவடைக்கு வந்துவிடும். வெண்டி முழங்கால் உயரம் நிற்கும். பயிற்றங்கொடி கம்பைப் பிடித்து ஏறத் தொடங்கியிருக்கும். கத்தரி, மிளகாய் நாற்றுகள் நடுவதற்குத் தயாராக இருக்கும். இந்தப் பசுமையைக் கண்டு மகிழ்ந்து, இன்னும் இரண்டு பாத்தி, இன்னும் நான்கு பாத்தி என்று தோட்டத்தைப் பெருப்பிக்க எல்லோருக்கும் ஆசை வருகின்றது. அந்த ஆசைக்கு ஓர் அளவு வேண்டும் என்பதையே இக்கட்டுரையில் சொல்ல விரும்புகின்றோம்.

சொந்தக் காணியை விட்டு வந்த கமக்காரக் குடும்பங்களுக்கு இது மிகவும் முக்கியமான விடயம். நாம் ஏக்கர் கணக்கில் நினைத்துப் பழகியவர்கள். குளத்து நீர் வாய்க்காலில் வரும் என்று எண்ணிப் பயிர் செய்தவர்கள். இப்போதோ வீட்டைச் சுற்றியுள்ள சிறு துண்டு நிலமும், நான்கைந்து குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு கிணறும்தான் உண்டு. பழைய அளவை மனதில் வைத்துக்கொண்டு புதிய இடத்தில் பாத்தி போட்டால், ஆடி மாதத்தில் எல்லாப் பாத்தியும் அரைகுறையாக வாடும். விதையும் உழைப்பும் சேர்ந்து போய்விடும்.

இந்த மண்ணும் இந்தக் காற்றும்

மாத்தளை மாவட்டம் முழுவதும் ஒரே மாதிரியானதல்ல. தெற்கே மாத்தளை நகரைச் சுற்றிப் பலா, மிளகு, கோப்பி, வாழை என்று அடுக்கடுக்காக வளரும் தோட்டங்களைக் காணலாம். வடக்கே தம்புள்ளைக்கு வந்தால் உலர் வலயத்தின் இயல்பு தொடங்கிவிடும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசியில் இருந்து தை வரையில், பெரும்போகத்தில் கிடைக்கின்றது. சித்திரை மழை சில வாரங்களுக்குத்தான். அதன்பின் சோளகக் காற்று எழும். அந்தக் காற்று தெற்கிலும் மேற்கிலும் மழையைக் கொட்டிவிட்டு, இங்கே வரும்போது ஈரமில்லாமல் வருகின்றது. ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் வெயில் மட்டுமல்லாமல் காற்றும் சேர்ந்து மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

மண்ணின் குணத்தையும் அறிந்திருத்தல் நல்லது. இப்பகுதியில் பரவலாக உள்ள செங்கபில மண் ஈரமானால் காலில் ஒட்டும். காய்ந்தால் மண்வெட்டி பாயாத அளவுக்கு இறுகும். எனவே மழை ஈரம் முற்றாகக் காய்வதற்கு முன்னரே கொத்திப் பண்படுத்தி, எருவைக் கலந்து, மேலே மூடிவிட வேண்டும். பிந்தினால் இரட்டிப்பு உழைப்பு.

2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது, உணவு பயிரிடுவதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க ஜூன் மாதத்தில் அரசாங்கம் தீர்மானித்தது. நல்ல எண்ணம்தான். ஆயினும் ஜூன் என்பது ஆனி மாதத்தை ஒட்டிய காலம். உலர் வலயத்தில் ஆனியில் விதை போடுபவருக்கு ஓய்வுநாளைவிடத் தண்ணீரே முதலில் தேவை.

ஒரு வாளிக்கு ஒரு பாத்தி

வறண்ட நாட்களில் வளர்ந்த மரக்கறிப் பயிருக்கு ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 முதல் 5 லீற்றர் தண்ணீர் வேண்டும். இதை நினைவில் வைக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. 5 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள ஒரு பாத்திக்கு நாளொன்றுக்கு 10 லீற்றர் வாளியால் ஒரு வாளி.

இதே கணக்கில் ஒரு பேர்ச் நிலம் முழுவதும் மரக்கறி நட்டால் நாளொன்றுக்குப் பத்து, பதினொரு வாளி தேவைப்படும். 20 பேர்ச் காணியில் முழுவதும் நட்டால் 200 வாளிக்கு மேல். கையால் அள்ளி எந்தக் குடும்பத்தாலும் இதைச் செய்ய முடியாது. ஆகவே நிலம் எவ்வளவு இருக்கின்றது என்று பார்க்க முன்னர், ஆடி மாதத்தில் ஒரு நாளைக்கு எத்தனை வாளி நிச்சயமாகக் கிடைக்கும் என்று கணக்கெடுங்கள். அரிசி கழுவிய நீர், மரக்கறி கழுவிய நீர், பாத்திரம் அலசிய இறுதி நீர் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். சவர்க்காரம் அதிகம் கலந்த நீரைக் கீரைக்கு விடாமல் வாழை, பப்பாசி அடியில் விடுங்கள்.

ஆறு வாளி கிடைத்தால் ஆறு பாத்தி. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு அந்த ஆறு பாத்தியை இவ்வாறு பகிரலாம்:

இரண்டு பாத்தி கீரைக்கு. இரண்டையும் ஒரே நாளில் விதைக்க வேண்டாம். இரண்டு வார இடைவெளி விட்டால் ஒன்று முடியும்போது மற்றது கைக்கு வரும். தண்டுக்கீரை மூன்று, நான்கு வாரங்களில் அறுவடைக்கு வரும்.

ஒரு பாத்தி வெண்டிக்கு. 3 அடிக்கு 2 அடி இடைவெளியில் நான்கு செடி. விதைத்து ஏறக்குறைய 50 நாட்களில் முதற்காய் பறிக்கலாம்.

ஒரு பாத்தி கத்தரிக்கு. இதற்கும் அதே இடைவெளியில் நான்கு செடி. காய்க்கச் சற்றுத் தாமதமானாலும் பராமரித்தால் பல மாதங்களுக்குப் பலன் தரும்.

ஒரு பாத்தி மிளகாய்க்கு. 2 அடிக்கு ஒன்றரை அடி இடைவெளியில் எட்டு, ஒன்பது கன்றுகள்.

ஒரு பாத்தி பயிற்றைக்கு. கம்பு நட்டு ஏற்றினால் அதன் நிழல் பக்கத்துக் கீரைப் பாத்திக்கும் உதவும்.

எஞ்சிய நிலத்தை வெறுமையாக விட வேண்டும் என்பதில்லை. வற்றாளைக் கொடி, மரவள்ளித்தடி போன்றவை ஒருமுறை வேர் பிடித்தால் குறைந்த நீரில் தாக்குப்பிடிக்கும். அவற்றை மழை ஈரம் இருக்கும்போதே நட்டுவிட வேண்டும்.

ஈரத்தைப் பிடித்து வைக்கும் முறைகள்

பெரும்போகத்தில் நீர் தேங்காமல் இருக்க மேட்டுப்பாத்தி போடுவோம். சிறுபோகத்தில் அதே பழக்கத்தைத் தொடரக் கூடாது. மேட்டுப்பாத்தியின் நான்கு பக்கத்தையும் காற்று உலர்த்திவிடும். இப்போது நிலமட்டத்திலிருந்து நான்கு, ஐந்து அங்குலம் தாழ்ந்த பாத்தியே ஏற்றது. சுற்றிவர வரம்பு கட்டினால் விட்ட நீர் வெளியே ஓடாது.

மண்ணை வெயிலுக்குக் காட்டாதீர்கள். வைக்கோல், சருகு, கிளிசரியா இலை ஆகியவற்றை இரண்டு, மூன்று அங்குலத் தடிப்பில் பரப்புங்கள். செடியின் தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளிப் போட வேண்டும். காய்ந்த வைக்கோலுக்குக் கறையான் வருமாகையால் இடைக்கிடை கிளறிப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளிசரியா இலை உக்கிப் பசளையாகவும் மாறும்.

கத்தரி, பாகல், பூசணி போன்றவற்றுக்குக் குழி எடுக்கும்போது அடியில் பொச்சுமட்டைகளை, குழிந்த பக்கம் மேலே இருக்குமாறு அடுக்கி, அதன்மேல் எருவும் மேல்மண்ணும் இட்டு நிரப்பலாம். மட்டை நீரைக் குடித்து வைத்திருந்து வேருக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கும்.

வீட்டில் பழைய மண்பானை இருந்தால் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி, வாயை மூடிவிடுங்கள். பானையைச் சுற்றி மூன்று, நான்கு செடிகளை நடலாம். பானையின் சுவரால் நீர் கசிந்து வேருக்கு நேரே போகும். மூடி கட்டாயம் வேண்டும். திறந்து கிடக்கும் நீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். வாளி, பீப்பாய், சிரட்டை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

தண்ணீரை அதிகாலையில் அல்லது பொழுது சாயும்போது விடுங்கள். வேர் விட்ட செடிகளுக்கு நாள்தோறும் மேலாகத் தெளிப்பதைவிட, ஒன்றுவிட்டு ஒருநாள் இரண்டு வாளியாக ஆழ விடுவது நல்லது. வேர் கீழே இறங்கும்.

சந்தைப் பயிரும் சட்டிப் பயிரும்

தம்புள்ளையில் 1999ஆம் ஆண்டு தொடங்கிய விசேட பொருளாதார மத்திய நிலையம் நாட்டின் மிகப் பெரிய மொத்த மரக்கறிச் சந்தைகளில் ஒன்றாகும். இங்குள்ள பெரிய வெங்காயமும், மலைநாட்டுக் கரட்டும் லீக்சும் அங்கிருந்தே பல மாவட்டங்களுக்குப் போகின்றன. அதனால், வெங்காயம் நட்டால் காசு பார்க்கலாமே என்று சிலர் எண்ணக்கூடும். பெரிய வெங்காயம் ஆவணி, புரட்டாதியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அறுவடையாகி விலை இறங்கும் பயிர். பெரும் பரப்பில் செய்பவருக்கே அந்த விலை வீழ்ச்சி தாங்காது. நான்கு பாத்தியில் செய்பவர் அந்தப் பந்தயத்தில் இறங்க வேண்டாம்.

வீட்டுத்தோட்டத்தில் நாளாந்தம் சட்டிக்குப் போகும் பயிரே முதலிடம் பெற வேண்டும். கீரை, பச்சைமிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் காசு கொடுத்து வாங்குகின்றோம். அச்செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. மாத முடிவில் கூட்டிப் பார்த்தால் தெரியும். மேலும் கீரை வாடாமல் அடுப்புக்கு வருவது பிள்ளைகளின் கண்ணுக்கும் இரத்தத்துக்கும் நல்லது.

பூச்சியும் விலங்கும்

வறட்சி கூடும்போது மிளகாயில் பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் பெருகி இலை சுருளும். வெண்டியில் வெண் ஈ மஞ்சள் நரம்பு நோயைப் பரப்பும். அவ்வாறு மஞ்சளித்த வெண்டிச் செடியை மருந்தால் குணப்படுத்த முடியாது. பிடுங்கி அழித்தால் மற்றவை தப்பும். கத்தரியின் நுனிக்குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கின்றது. வாடிய பகுதிக்குக் கீழே நறுக்கி எரித்துவிடுங்கள். பாகல், புடோல் பிஞ்சுகளைப் பழ ஈ குத்தாமல் கடதாசிப் பையால் மூடலாம். விழுந்த காய்களை ஆழப் புதைக்க வேண்டும்.

வேப்பம்விதைச் சாறு பல பூச்சிகளை விலக்கும். காய்ந்த வேப்பம் பருப்பு 50 கிராம் அளவை இடித்து, ஒரு லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, மாலையில் இலையின் அடிப்பக்கமும் படும்படி தெளிக்கவும். வைத்திருந்து பாவிக்காமல் அன்றன்றே தயாரிக்க வேண்டும்.

குரங்கும் மயிலும் இவ்வட்டாரத்தில் பெரும் தொல்லை. காட்டோரக் கிராமங்களுக்கு யானையும் வரும். யானை வரும் பாதையில் வாழையும் பூசணியும் நட்டு, காய்களை வீட்டுக்குள் குவித்து வைப்பது உயிருக்கே ஆபத்து. அத்தகைய இடங்களில் கீரை, மிளகாய், கத்தரியை வீட்டோடு ஒட்டி வைத்துக்கொள்வதே புத்தி.

நிலம் நமதில்லாதபோது

இரவல் காணியில் எதற்கு நட வேண்டும், நாளை எழும்பச் சொன்னால் என்ன செய்வது என்று பலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. மாத்தளை மாவட்டத்திலேயே மொரகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காக ஊரை விட்டு எழுந்த கமக்காரக் குடும்பங்கள் உண்டு. காய்த்து நின்ற தென்னையையும் பலாவையும் தூக்கிக்கொண்டு வர எவராலும் முடியாது. போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கும், மண்சரிவால் இடம்பெயர்ந்தவர்களுக்கும் இதே இழப்புத்தான்.

எனவே மூன்று வகையாகப் பிரித்து நினைப்பது உதவும். மூன்று மாதத்துக்குள் பலன் தரும் பயிர்களைத் தயங்காமல் நிலத்தில் நடுங்கள். மிளகாய், கத்தரி, கறிவேப்பிலை போன்று நீண்டகாலம் நிற்பவற்றில் சிலவற்றைப் பழைய பசளைப் பைகளில் வையுங்கள். பையை நன்றாகக் கழுவி, அடியில் துளையிட்டு, மேல்மண்ணும் கூட்டெருவும் சம அளவில் நிரப்பினால் போதும். பை விரைவில் காயும் என்பதால் மதிய வெயில் படாத பக்கத்தில் வைக்க வேண்டும். மரங்களை நடுவதற்கு முன்னர் காணிக்காரருடன் பேசுங்கள். எத்தனை காலம் இருக்கலாம், காய்ப்பதில் பங்கு என்ன, போகும்போது மரம் யாருக்கு என்ற மூன்றையும் முன்கூட்டியே பேசிக்கொண்டால் பின்னர் மனக்கசப்பு வராது. முருங்கைத்தடி, அகத்தி ஆகியவற்றை ஐப்பசி மழையுடன் நடலாம். இப்போது அவசரப்பட வேண்டாம்.

விதையை வீட்டில் வைத்திருங்கள்

எழும்பிப் போக நேர்ந்தால் கையோடு வரக்கூடியது விதை ஒன்றே. நல்ல செடியில் இரண்டை இப்போதே தெரிந்து, நூல் கட்டி அடையாளமிடுங்கள். அதில் காய் பறிக்காமல் முற்றவிடுங்கள். கடையில் வாங்கிய கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போல முளைக்காது. மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த எம்.ஐ. 5 வெண்டி, வடக்கில் பெயர்பெற்ற தின்னவேலிக் கத்தரி போன்ற இனங்களிலும், ஊர்ப் பயிற்றை, ஊர்க்கீரையிலும் விதை எடுத்து மீண்டும் நடலாம்.

எடுத்த விதையை நிழலில் உலர்த்தி, சாம்பலுடன் கலந்து, காற்றுப் புகாத போத்தலில் இட்டு, பெயரையும் மாதத்தையும் எழுதி வையுங்கள். ஒரு பிடியை அயல்வீட்டுக்கும் கொடுங்கள். உங்கள் போத்தல் தொலைந்தாலும் அவர்களிடம் இருக்கும்.

இந்த வாரம் செய்யவேண்டியது ஒன்றுதான். நாளை காலை தொடங்கி ஏழு நாட்களுக்கு, வீட்டில் பாவித்து எஞ்சும் நீரையும் கிணற்றிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் நீரையும் வாளியால் அளந்து, சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணுங்கள். ஆடியில் கிணற்று நீர் இறங்கும் என்பதால் அந்த எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். மிஞ்சுவது எத்தனையோ, அத்தனை பாத்தி போடுங்கள்.