முழங்கை மூட்டு நழுவினால் எண்ணெய் தடவாதீர்கள்!

முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில்வேயில் தண்டவாளங்களோடு பழகியவன் நான். டிப்ளமா படித்த இன்ஜினீயர், டாக்டர் அல்ல. ஆனாலும் முழங்கையைப் பற்றி நம் சங்க அன்பர்களுக்கு எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு.

தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் ஊர்க்காரத் தம்பி ஒருவர், மழைக்காலத்தில் ஓர் அதிகாலை, தலையில் பாத்திரத்தோடு வழுக்கி விழுந்தார். கையை ஊன்றியதில் முழங்கை நழுவி, வீங்கிவிட்டது. "என்ன செய்யலாம் அண்ணாச்சி?" என்று என்னைத்தான் கேட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போனால் கத்தி வைப்பார்கள். கட்டுப் போட்டால் போதும்" என்றேன். ஊரில் பார்த்துப் பழகிய வழக்கம். எண்ணெய் தடவி உருவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். பத்தாம் நாள் சுண்டுவிரல் மரத்துப்போயிற்று. பயந்துபோய் சயான் மருத்துவமனைக்கு ஓடினோம்.

எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். முழங்கையில் மூன்று எலும்புகள் சந்திக்கின்றன. தம்பிக்கு மூட்டு நழுவியதோடு, முன்கையின் வெளிப்புற எலும்பின் தலை நொறுங்கியிருந்தது. உட்புற எலும்பின் மூக்குப் போன்ற முனையும் உடைந்திருந்தது. இந்த மூன்றும் சேர்ந்தால் 'பயங்கர மூன்று' என்று பெயர். அமெரிக்க மருத்துவர் ஹாட்ச்கிஸ் 1996-ல் வைத்த பெயர். வெறுமனே நழுவிய மூட்டை இழுத்துச் சேர்த்துவிடலாம். முட்டுக்கொடுக்கும் எலும்புகளும் உடைந்துவிட்டால் சேர்த்தாலும் மறுபடி நழுவும். ஃபிஷ்பிளேட்டும் போல்ட்டும் போன தண்டவாளம் நிற்குமா?

அறுவை சிகிச்சையில் உள்ளிருந்து வெளியே வந்தார்கள். முதலில் மூக்கு முனையை எலும்பில் துளையிட்டு இழுத்துக் கட்டினார்கள். நொறுங்கிய தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை பொருத்தினார்கள். கடைசியில் அறுந்த வெளிப்புறத் தசைநாரை எலும்போடு சேர்த்துத் தைத்தார்கள்.

பக்கத்துக் கட்டில்காரருக்கு முழங்கை நுனி முறிவு. இரண்டு கம்பிகளைச் செருகி, பின்புறத்தில் எட்டு வடிவில் கம்பி சுற்றியிருந்தார்கள். கையை மடக்கும்போது பின்தசையின் இழுப்பே முறிவின் இரு பக்கங்களையும் ஒன்றோடொன்று அழுத்துமாம். இழுவிசையை அழுத்தமாக மாற்றும் இந்த உபாயம் எந்த இன்ஜினீயரையும் கைகுவிக்க வைக்கும்.

சில நாட்களிலேயே கையை மெல்ல அசைக்கச் சொன்னார்கள். முழங்கையை வாரக்கணக்கில் அசையாமல் கட்டிவைத்தால், எண்ணெய் போடாத பாயிண்ட் மாதிரி இறுகிவிடும். உருவினாலோ அடிபட்ட தசைக்குள் எலும்பு வளரக்கூடும்.

ஆறு மாதமாயிற்று. சாப்பிடுவது, தலைவாருவது போன்ற அன்றாட வேலைகளுக்கு 30 டிகிரியிலிருந்து 130 டிகிரி வரை கை மடங்கினால் போதுமாம். அந்த அளவு வந்துவிட்டது. ஆனால் பாத்திரத்தைத் தலைக்குத் தூக்க முடியவில்லை, மகன்தான் சுமக்கிறான். "எல்லாம் விதி அண்ணாச்சி" என்கிறார் தம்பி. "முதல் நாளே வந்திருந்தால் எங்களுக்கும் சுலபம், அவருக்கும் சுலபம்" என்று டாக்டர் சொன்னது என் காதில் இன்னும் ஒலிக்கிறது.

ஆகவே அன்பர்களே, முழங்கை நழுவினால் இழுக்காதீர்கள், உருவாதீர்கள். துண்டால் தொட்டில் கட்டித் தாங்குங்கள். விரல்களில் உணர்ச்சியும் சூடும் இருக்கிறதா என்று பாருங்கள். அன்றே எக்ஸ்ரே எடுங்கள். ஊர்ப் பழக்கத்தைச் சொல்லி என்னைப்போல் யாரையும் தாமதப்படுத்தாதீர்கள்.