கரையும் காற்று – 9: நியோஸ் ஏரி சிவந்தது ஏன்?

ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில், வடமேற்கு மலைப்பகுதியில் நியோஸ் என்று ஒரு ஏரி. பழைய எரிமலை வாய் ஒன்றில் தண்ணீர் தேங்கி உண்டானது. பரப்பு ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்தான். ஆழமோ 200 மீட்டருக்கு மேல். 1986 ஆகஸ்ட் 21 இரவு ஒன்பது மணி வாக்கில், அந்த ஏரியிலிருந்து கிளம்பிய மேகம் ஒன்று பள்ளத்தாக்குகள் வழியே இறங்கியது. நியோஸ், காம், சுபும் முதலிய ஊர்களில் சுமார் 1,700 பேர் இறந்துபோனார்கள். ஏறத்தாழ 3,500 கால்நடைகளும் மடிந்தன. வீடு இடியவில்லை, கூரை எரியவில்லை. நீலமாக இருந்த ஏரி மட்டும் துருச்சிவப்பாக மாறியிருந்தது.

பள்ளிப் பாடநூலில் கரைசல்கள் ஓர் அத்தியாயம், வாயுக்கள் வேறோர் அத்தியாயம். தனித்தனியாகப் படித்து, தனித்தனியாகத் தேர்வெழுதி மறந்துவிடுகிறோம். நியோஸைப் புரிந்துகொள்ள இரண்டையும் சேர்த்துத் திறந்து வைக்க வேண்டும். முதலில் அந்தச் சிவப்பு.

பூமிக்குள் இருக்கும் எரிமலைக் குழம்பிலிருந்து வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு, நிலத்தடி ஊற்றுகளோடு சேர்ந்து இந்த ஏரியின் அடியில் நுழைகிறது. கரைந்த வாயுவில் சிறு பங்கு தண்ணீரோடு வினைபுரிந்து கார்பானிக் அமிலமாகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் அயனியும் பைகார்பனேட் அயனியும் பிரிகின்றன. வீரியம் குறைந்த அமிலம்தான். ஆனால் பாறைகளிலிருந்து இரும்பைக் கரைத்தெடுக்க அது போதும். அடித்தட்டு நீரில் ஆக்சிஜனும் கிடையாது. ஆகவே இரும்பு அங்கே ஃபெரஸ் அயனியாகக் கரைந்தே கிடக்கும், கண்ணுக்கு நிறம் தெரியாது. அந்த நீர் மேலே வந்து ஆக்சிஜனைச் சந்தித்ததும் ஒவ்வொரு ஃபெரஸ் அயனியும் ஓர் எலக்ட்ரானை இழந்து ஃபெர்ரிக் ஆகிறது. ஃபெர்ரிக் இரும்பால் அந்த நீரில் கரைந்து நிற்க முடியாது. ஹைட்ராக்சைடாகத் திரண்டு வீழ்படிவாகிறது. நம் ஊர்களிலும் சில போர்வெல்களில் பிடிக்கும்போது தெளிவாக வரும் தண்ணீர், குடத்தில் சற்று நேரம் நின்றதும் பழுப்பேறுவது இதே வினையால்தான். ஏரி சிவந்ததற்கு ஒரே பொருள்: ஆழத்தில் கிடந்த நீர் அன்றிரவு மேலே வந்துவிட்டது.

அந்த நீரோடு என்ன வந்தது என்பதற்கு விடை 1803-இலேயே அச்சாகிவிட்டது. இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி, வெவ்வேறு அழுத்தங்களில் வாயுக்களைத் தண்ணீரில் கரைத்து அளந்து பார்த்தார். வெப்பநிலை மாறாதிருந்தால், கரையும் வாயுவின் அளவு அந்த வாயுவின் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று கண்டார். அழுத்தம் இரட்டித்தால் கரைவதும் இரட்டிக்கும். சாதாரணக் காற்றழுத்தத்தில், 25 டிகிரி வெப்பத்தில், ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் ஒன்றரை கிராம் கார்பன் டை ஆக்சைடை ஏற்கும். 200 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் ஏறத்தாழ இருபது மடங்கு. அங்கே ஒரு லிட்டர் நீரால் முப்பது கிராம் வரை பிடித்து வைத்துக்கொள்ள முடியும். மேலே வந்து வெளியேறினால் அது 15 லிட்டருக்கும் அதிகமான வாயு!

குளிர் நாடுகளில் பருவம் மாறும்போது மேல்நீர் குளிர்ந்து கீழிறங்க, பல ஏரிகள் முழுவதுமாகக் கலங்கிப் புரளும். வெப்ப மண்டலத்து நியோஸ் அப்படிப் புரளுவதில்லை. கரைந்த வாயுவும் உப்புகளும் அடிநீரின் அடர்த்தியைக் கூட்டி அதைக் கீழேயே இருத்தி வைத்தன. இப்படிப் பல்லாண்டுகள் சேர்ந்தது. பிறகு மண்சரிவோ, மழையோ, காற்றோ ஏதோ ஒன்று அடிநீரில் ஒரு பகுதியை மேலே தள்ளியிருக்கிறது. எது என்பதில் இன்றும் ஒருமித்த முடிவில்லை. மேலேறிய நீரின் மீது அழுத்தம் குறைந்ததும் குமிழ்கள் பிரிந்தன. குமிழ் கலந்த நீர் இலேசாகி வேகமாக ஏறியது. அது விட்டுச்சென்ற இடத்துக்கு இன்னும் ஆழத்து நீர் வந்தது. பாயில் விதிப்படி அழுத்தம் குறையக் குறையக் குமிழ்களும் பருத்தன. தானாகவே வேகம் கூட்டிக்கொள்ளும் இந்தச் சுழற்சியில் லட்சக்கணக்கான டன் வாயு வெளியேறியது. ஒரு டன் வாயுவே 500 கன மீட்டருக்கு மேல் இடம் பிடிக்கும்.

வெளியே வந்ததும் அது மேலே எழுந்து கலைந்து போயிருந்தால் இத்தனை சாவு நேர்ந்திருக்காது. ஆனால் கார்பன் டை ஆக்சைடின் மூலக்கூறு எடை 44. காற்றின் சராசரி 29. ஒன்றரை மடங்கு கனமான வாயு தரையோடு தரையாகப் படர்ந்து, இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் வரை போனது. பிழைத்த சிலர் பல மணி நேரம் நினைவிழந்து கிடந்து, எழுந்து, தம் குடும்பத்தார் பக்கத்தில் பிணமாகக் கிடப்பதைக் கண்டார்கள். அழுகிய முட்டை நாற்றமும் வெடிமருந்து வாடையும் அடித்ததாகப் பலர் சொன்னார்கள். அதனால் எரிமலைதான் வெடித்தது என்று நிபுணர்களில் ஒரு சாரார் வாதிட்டார்கள். ஆனால் ஏரி நீரில் கந்தகச் சேர்மங்கள் இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு; அடிநீர் சூடேறியதற்கான தடயமும் இல்லை. அடர்ந்த கார்பன் டை ஆக்சைடு மனிதரின் முகரும் உணர்வையே குழப்பிவிடும்.

என்னால் ஆற்றிக்கொள்ள முடியாத விஷயம் ஒன்று உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1984 ஆகஸ்ட் 15 அன்று, அதே நாட்டில் நியோஸுக்குத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டரில் உள்ள மோனூன் ஏரியருகே 37 பேர் இதேபோல் இறந்திருந்தார்கள். ஐஸ்லாந்து எரிமலை அறிஞர் ஹரால்தூர் சிகுர்ட்சன் அங்கே போய் நீரைச் சோதித்து, கொன்றது ஏரியில் கரைந்திருந்த வாயுவே என்ற முடிவுக்கு வந்தார். அவர் எழுதிய கட்டுரையை ஓர் அறிவியல் இதழ் நம்பத்தகாதது என்று திருப்பி அனுப்பியது. சில மாதங்களில் நியோஸ் வெடித்தது. ஹென்றியின் விதி அப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கே பாடமாக இருந்தது. ஓர் ஏரி முழுவதற்கும் அந்த விதி பொருந்தும் என்று ஏற்கத்தான் பெரியவர்களுக்கு மனம் வரவில்லை.

தீர்வும் அதே விதியிலிருந்துதான் வந்தது. பிரெஞ்சு விஞ்ஞானி மிஷேல் ஹால்ப்வாக்ஸின் குழு 2001-இல் ஒரு சாண் விட்டம்கூட இல்லாத குழாய் ஒன்றை ஏரியின் அடி வரை இறக்கியது. முதலில் மட்டும் பம்பு வேண்டும். அடிநீர் குழாயில் ஏறத் தொடங்கியதும் குமிழ்கள் பிரிந்து அதை இலேசாக்குகின்றன. பம்பை நிறுத்திவிட்டாலும் நீர் தானே பீறிட்டு 50 மீட்டர் உயரத்துக்குப் பாய்ந்தது. ஊர்களை அழித்த அதே சுழற்சி, குழாய்க்குள் அடங்கி, வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றியது. ஒரு குழாய் போதாது என்பதால் 2011-இல் மேலும் இரண்டு இறக்கினார்கள்.

ருவாண்டாவுக்கும் காங்கோவுக்கும் நடுவிலுள்ள கிவு ஏரி இதைவிடப் பன்மடங்கு பெரியது. கரையோரம் லட்சக்கணக்கான மக்கள். ஆழத்தில் சுமார் 300 கன கிலோமீட்டர் கார்பன் டை ஆக்சைடு, கூடவே 60 கன கிலோமீட்டர் மீத்தேன். 2002-இல் நைராகாங்கோ எரிமலையின் குழம்பு கோமா நகரைப் பிளந்து இந்த ஏரிக்குள்ளேயே பாய்ந்தது. வாயு நிறைந்த அடித்தட்டு வரை அது எட்டாததால் மக்கள் தப்பினார்கள். இப்போது அங்கே அடிநீரை மேலே கொண்டுவந்து மீத்தேனைப் பிரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். மீத்தேன் தண்ணீரில் கரைவது கார்பன் டை ஆக்சைடு கரைவதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் அழுத்தம் சற்றுத் தளர்ந்ததுமே மீத்தேன் முந்திக்கொண்டு வெளியேறுகிறது. கார்பன் டை ஆக்சைடில் பெரும்பங்கு நீரிலேயே தங்கிவிடுகிறது. கலந்து வரும் மிச்சத்தை ஏரித் தண்ணீரைக் கொண்டே கழுவி எடுக்கிறார்கள். வாயு நீங்கிய நீரையும் நினைத்த இடத்தில் கொட்டிவிட முடியாது. ஏரியின் அடுக்குகள் குலையாதபடி, அதன் அடர்த்திக்கு ஏற்ற ஆழத்துக்கே திருப்பி அனுப்பியாக வேண்டும்.

(தொடரும்)