இலையுதிர் காலத்து நிறங்களும் சருகின் பயனும்

சீதள தேசங்களில் கோடை கழிந்து குளிர்காலம் தொடங்குமுன் மரங்கள் பச்சை நிறம் மாறி, மஞ்சளும் பொன்னிறமும் சிவப்புமாகத் தோன்றிப் பின் இலையுதிர்க்கும். ஜப்பான் தேசத்தில் இம்மாறுதல் வடக்கேயுள்ள ஹொக்கைடோ மலைகளில் செப்டம்பரிலேயே தொடங்கி, மலையினின்று சமவெளிக்கும், வடக்கினின்று தெற்கிற்குமாக இறங்கி, நவம்பர் பிற்பகுதியில் கியோட்டோ நகரை எட்டுகின்றது. அந்நாட்டார் திருவிழாவிற்குச் செல்வார்போலக் குடும்பத்துடன் சென்று அதனைக் கண்டு களிப்பர். காச்மீரத்துச் சினார் மரங்கள் அக்டோபர், நவம்பர் மாதங்களில் சிவக்கும். அவற்றின் சருகைக் கரியாக்கி, காங்கிரி என்னும் கணப்புச் சட்டியிலிட்டுக் குளிர்காய்வது அங்கு வழக்கம்.

இந்நிறமாற்றம் நோயன்று, மரத்தின் செட்டு எனலாம். பகற்பொழுது குறுகிக் குளிர் மிகவே, இலையின் பச்சையம் சிதைகின்றது. இலையிலுள்ள தழைச்சத்தில் ஏறக்குறையப் பாதியை மரம் தன் கிளைகளுக்கும் தண்டிற்கும் இழுத்துக்கொள்ளும். பச்சை நீங்கவே, இலையில் முன்னரே மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படும். சிவப்போ புதிதாக உண்டாவது. பகலில் நல்ல வெயிலும், இரவில் உறைபனியில்லாத குளிர்ச்சியும் அமைந்த ஆண்டுகளில், இலையில் தங்கிய சர்க்கரையினின்று அது மிகுதியாக உண்டாகும். ஆகையால் ஒரே மரம் ஓராண்டிற் செவ்வனே சிவந்தும், மற்றோராண்டில் மங்கியும் காணப்படும். முடிவில் காம்பினடியில் ஓர் அடுக்கு தளர்ந்து, காற்றடித்ததும் இலை விழுகின்றது.

தமிழ்நாட்டு மரங்கள் இலையுதிர்ப்பது பெரும்பாலும் குளிருக்கஞ்சியன்று, வறட்சிக்கஞ்சியே. வேம்பு மாசி பங்குனியில் உதிர்த்து, விரைவில் துளிர்த்துவிடும். மா, அரசு முதலியவற்றில் செந்நிறம் தளிரிலேயே தோன்றும். நாட்டு வாதுமை மாத்திரம் ஜப்பானிய மரங்களுக்கு இளைக்காமல் செக்கச்சிவந்து உதிர்க்கின்றது. வாயிலில் அம்மரம் உள்ளோர் அழகைப் பாராமல் விளக்குமாற்றைத் தேடுவது வேறு விஷயம்.

மரம் இழுத்துக்கொண்டது போக எஞ்சிய தழைச்சத்தும், பெரிதும் இழுக்கப்படாத சுண்ணாம்புச்சத்தும் சருகில் தங்குகின்றன. இதனை நன்குணர்ந்தோர் டோக்கியோவிற்கு அருகிலுள்ள முசாசினோ மேட்டுநிலத்துக் குடியானவர்கள். அங்குள்ள சாந்தோமே என்னுமிடத்தில் 1694ஆம் ஆண்டு தரிசைத் திருத்தத் தொடங்கியபோது, மண் எரிமலைச் சாம்பலாயும் காற்றிற் பறப்பதாயும் இருந்தது. ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஏறக்குறைய 12 ஏக்கர் நீண்ட துண்டாக அளந்து விடப்பட்டது. சாலையோரத்தில் வீடு, நடுவில் வயல், கடைசியில் நட்டு வளர்த்த ஓக் மரத்தோப்பு. குளிர்காலத்தில் தோப்பின் சருகை வாரிக் குவித்து, தவிடு சேர்த்து மக்கவைத்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கு முதலியவற்றிற்கு இடுவர். இம்முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2023ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரிய விவசாய முறைகளுள் ஒன்றாக ஏற்றது.

தமிழ்நாட்டிலோ தோப்பிலும் சாலையோரத்திலும் உதிரும் சருகு பல இடங்களில் கொளுத்தப்படுகின்றது. கொளுத்தினால் தழைச்சத்தின் பெரும்பகுதி காற்றோடு போகும். சாம்பலும் முதல் காற்றில் பறந்துவிடும். சருகு தனியே கிடந்தால் மக்கத் தாமதமாகும். ஆகையால் மாசி பங்குனியில் வாரிய சருகை நிழலிலுள்ள குழியில் ஒரு சாண் கனத்திற்குப் பரப்பி, சாணக் கரைசல் தெளித்து, இடையிடையே பச்சைத் தழை சேர்த்து அடுக்கி, மேலே மண்ணிட்டு மூடவேண்டும். ஈரம் குறையாமல் காத்து, ஒருமுறை புரட்டிவிடின் புரட்டாசிப் பட்டத்திற்கு எரு உதவும். காட்டுச் சருகை மாத்திரம் வாரலாகாது. அது அம்மரங்களுக்கே எருவாகும்.