இப்போது என்ன வாசிக்கின்றீர்கள்?

வருடந்தோறும் ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதமாக இலங்கையில் அனுஷ்டிக்கப்படுகின்றது. பாடசாலை வாயில்களில் பதாகைகள் தொங்கும். கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, பரிசளிப்பு என்று நாட்கள் நகரும். வாசிப்பின் பெருமையை மேடையில் முழங்கிய மாணவர் கீழே இறங்கி வரும்போது, "தம்பி, இப்போது என்ன புத்தகம் வாசித்துக்கொண்டு இருக்கிறீர்?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்கப்படாத அந்தக் கேள்வியைப் பற்றியே இங்கு எழுத முற்படுகின்றோம்.

வாசித்து முடித்த நூலைப் பற்றிப் பேசுவது வேறு. வாசித்துக்கொண்டிருக்கும் நூலைப் பற்றிச் சொல்வது வேறு. முன்னது விமர்சனம். அதற்குத் தீர்ப்பு வேண்டும், ஓரளவு துணிச்சலும் வேண்டும். பின்னதற்கு அவை எதுவும் அவசியமில்லை. நூறாம் பக்கத்தில் நிற்கின்றேன், கதாநாயகி ஏன் வீட்டை விட்டுப் போனாள் என்று இன்னும் விளங்கவில்லை என்று எவரும் சொல்லலாம். பத்தாம் வகுப்பு மாணவியும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் இந்த ஓர் இடத்திலேதான் சரிசமமாக அமர முடிகின்றது. அது மட்டுமன்று. நூல் இன்னும் அவர் கையில்தான் இருக்கின்றது என்பதால், கேட்பவர் "முடிந்ததும் எனக்குத் தாருங்கள்" என்று சொல்லிவைக்கவும் முடியும்.

கொழும்பில் இருப்பவருக்கு இது வெறும் உரையாடலாகத் தோன்றலாம். இரத்தினபுரி மாவட்டத்தின் நிவித்திகல போன்ற ஒரு பிரதேசத்தில் அதன் பெறுமதி வேறு. நுவரெலியாவைப் போலத் தமிழர் செறிந்து வாழும் நிலப்பரப்பு அல்ல இது. சிங்களக் கிராமங்களுக்கும் மாணிக்கக் குழிகளுக்கும் இடையே, தேயிலை, இறப்பர் தோட்டங்களின் லயங்களில் சிதறி வாழும் சிறிய சமூகம். தமிழ் நாவல் ஒன்று வேண்டுமெனில் கொழும்பு செட்டியார் தெருவுக்கோ வெள்ளவத்தைக்கோ போய் வருபவர் யாராவது கொண்டுவர வேண்டும். அப்படி வந்து சேரும் ஒரு பிரதி யாருடைய காம்பராவில் இருக்கின்றது என்பது பக்கத்துத் தோட்டத்துக்குத் தெரியாவிட்டால், அந்த நூல் அங்கு இல்லாததற்குச் சமம். என்ன வாசிக்கின்றோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதே இத்தகைய இடங்களில் நூற்பட்டியலின் வேலையைச் செய்ய வேண்டியிருக்கின்றது.

பகிர்ந்து வாசிப்பது தோட்ட மக்களுக்குப் புதிய பழக்கமுமன்று. எழுத்தறிந்த ஒருவர் பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தை இராகமிட்டு வாசிக்க, லயத்து வாசலில் கூடியிருந்து கேட்ட தலைமுறைகள் உண்டு. கோ. நடேசய்யர் 1920களில் 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்தியபோது, அச்செழுத்து வாசிக்கத் தெரிந்தவர்களின் குரல் வழியாகவே மற்றவர்களை எட்ட வேண்டியிருந்தது. அவரது துணைவியார் மீனாட்சி அம்மை தொழிலாளரின் துயரங்களைப் பாட்டாக எழுதிக் கூட்டங்களில் பாடினார். அவை சிறு பிரசுரங்களாகவும் வெளிவந்தன. வெளியார் எளிதில் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் எழுத்து போய்ச் சேர்ந்த வழி இதுதான்.

அந்தச் சங்கிலி ஏன் அறுந்தது என்பதற்கு மக்களின் அசிரத்தையை மட்டும் காரணம் சொல்வது நியாயமாகாது. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் சப்ரகமுவ தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. உடுத்த உடையோடு ஓடியவர்கள் புத்தகப் பெட்டியைச் சுமந்து செல்லவில்லை. பலர் வன்னிக்கும் இந்தியாவுக்கும் போனார்கள், திரும்பாதவர்களும் பலர். அதனிலும் ஓசையின்றி இயங்கிய தடையொன்றும் இருந்தது. பொது நூலகங்களை நடத்துவது உள்ளூராட்சி மன்றங்களின் பணி. ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்கு முட்டுக்கட்டையாக நின்றது. தோட்ட மக்கள் வாக்களித்துச் சபையைத் தெரிவு செய்யலாம். அந்தச் சபை அவர்களின் லயத்துக்குப் பாதையோ வாசிகசாலையோ அமைக்க முயன்றால் சட்டம் குறுக்கே நிற்கும். அந்தப் பிரிவு திருத்தப்பட்டது 2018ஆம் ஆண்டில். முப்பத்தொரு வருடங்கள்! அதற்குள் ஒரு தலைமுறை பாடசாலைக்குப் போய், படிப்பை முடித்து, கொழும்புக் கடைகளுக்கு வேலைக்கும் போய்விட்டது.

தொழிலாளர் தாமாகவே வாசிப்பை ஒழுங்குசெய்துகொண்ட உதாரணம் ஒன்று கியூபாவில் உண்டு. 1865ஆம் ஆண்டு ஹவானாவின் 'எல் ஃபிகாரோ' சுருட்டுத் தொழிற்சாலையில், வேலை நடக்கும்போதே ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் புகையிலையைச் சுருட்டியபடி கேட்கும் வழக்கம் தொடங்கியது. வாசிப்பவருக்குரிய ஊதியத்தைத் தொழிலாளரே சேர்த்துக் கொடுத்தனர். எந்த நூலை வாசிப்பது என்பதையும் அவர்களே தீர்மானித்தனர். மறு வருடமே ஸ்பானிய ஆட்சியாளர் இதற்குத் தடை விதித்தனர் என்பதிலிருந்து, அவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பது விளங்கும். ஆயினும் வழக்கம் மீண்டது. 'மொண்டிகிறிஸ்டோ' என்ற சுருட்டின் பெயர், அங்கு விரும்பிக் கேட்கப்பட்ட அலெக்சாண்டர் டூமாவின் நாவலிலிருந்து வந்தது என்பார்கள். எமது மடுவங்களிலும் பிரட்டுக் களங்களிலும் அப்படி நடக்கவில்லை. நடக்க முடியாதது என்றும் நாம் கருதவில்லை. பால் வெட்டுத் தொழில் அதிகாலையில் தொடங்குவது. மாலைப்பொழுது பெரும்பாலும் கையில் இருக்கும். கடும் மழை நாளில் வெட்டும் இல்லை. (அன்று சம்பளமும் இல்லை என்பது வேறு விடயம்.)

இடம் வசதியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. டொமினிக் ஜீவா 1966ஆம் ஆண்டு 'மல்லிகை'யைத் தொடங்கியபோது, அவரது யாழ்ப்பாணத்து முடிதிருத்தும் நிலையமே எழுத்தாளரும் வாசகரும் கூடும் இடமாயிற்று. நிவித்திகலவில் அது ஒரு தேநீர்க் கடையாக, கோயில் மண்டபமாக, பிள்ளைக் காம்பராவின் திண்ணையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அங்கே ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பி போதும். பெயர், நூல், எத்தனையாம் பக்கம், ஒரே ஒரு வரி அபிப்பிராயம், அடுத்து யாருக்கு. பிடிக்காமல் பாதியில் வைத்துவிட்டால் அதையும் எழுத வேண்டும். எல்லோரும் எல்லாவற்றையும் பாராட்டும் கொப்பியை இரண்டாம் வாரத்துக்குப் பின் யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். ஆசிரியர்கள் அதற்குப் புள்ளியிடாதிருப்பதும் முக்கியம். சிவப்பு மை பட்டவுடன் பிள்ளைகள் தாம் வாசிப்பதை மறைத்து, வாசிக்க வேண்டியதென்று சொல்லப்பட்டதை எழுதத் தொடங்கிவிடுவார்கள். துப்பறியும் கதையோ சினிமாச் சஞ்சிகையோ, உண்மையில் வாசிப்பது எதுவோ அதுவே அங்கு பதியப்படட்டும்.

கைத்தொலைபேசி இருக்க கொப்பி எதற்கு என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். தொலைபேசியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'நூலகம்' இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. மலையக எழுத்தின் முன்னோடியான சி. வி. வேலுப்பிள்ளையின் நூல்களைக் கடையில் தேடி அலைவதைவிட அங்கு தேடுவது சுலபம். ஆனால் வட்ஸ்அப் குழுவில் அட்டைப்படத்தைப் போட்டுவிட்டு, நூலைத் திறக்காமலே விருப்பக் குறிகளை எண்ணிக்கொண்டிருப்பதை வாசிப்புப் பகிர்வு என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. உயிரோடிருக்கும் எழுத்தாளரின் புதிய நூலை அனுமதியின்றிப் பிரதியெடுத்துச் சுற்றுக்கு விடுவதும் நூற்றுக்கணக்கில் மாத்திரம் விற்கும் எமது நூல்களின் அடிவயிற்றில் அடிப்பதாகும்.

சப்ரகமுவவுக்கே உரிய இன்னொரு பிரச்சினையும் உண்டு. தமிழ்மொழி மூலம் உயர்தரம் வரை கற்கக்கூடிய பாடசாலைகள் இங்கு குறைவு. அருகிலுள்ள சிங்களப் பாடசாலைக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிப்பது கடினம். இவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் வாசிக்கும் சிங்கள நூலும் அதே கொப்பியில் இடம்பெற வேண்டும். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' நாவல் 'கிராமப் பிறழ்வு' என்ற பெயரில் தமிழில் கிடைக்கின்றது. அக்கா அதைத் தமிழில் வாசிக்க, தம்பி மூலத்தை வாசித்து, இருவரும் கதையைப் பற்றி வாதாடும் வீட்டில், தம்பிக்குத் தமிழ் எழுத்து அந்நியமாகிப் போவது சற்றுத் தாமதமாகலாம்.

பிரதேச சபை நூலகத்திடம் தமிழ் நூல்கள் வாங்குமாறு கேட்கும்போது, வாசிக்க ஆள் இருக்கின்றதா என்ற கேள்வி எழுவது வழமை. அதற்கு உணர்ச்சிகரமான மகஜர்களால் பதில் சொல்வது கடினம். ஆறு மாதத்துக் கொப்பி ஒன்று இருந்தால் நிலைமை மாறும். இன்ன நூலைப் பதினொரு பேர் வாசித்தனர், நால்வர் இன்னும் காத்திருக்கின்றனர், இரண்டாம் பாகத்தை மூன்று தோட்டங்களில் தேடியும் கிடைக்கவில்லை என்று பெயரோடும் திகதியோடும் நூலகரின் மேசையில் வைக்கலாம். 2018இல் சட்டத் தடை நீங்கிய பின்னர், நிதியில்லை என்பதைத் தவிர வேறு பதில் சபைக்கு இருக்காது. நிதியில்லை என்றால், வரவு செலவுத் திட்ட விவாதத்துக்கு முன்னரே தம் வட்டார உறுப்பினரிடம் அந்தக் கொப்பியின் பிரதியொன்றைக் கொடுத்துவைக்கலாம்.