அணித்தலைவன் யார்?

மலைநாட்டுத் தோட்டங்களில் சமநிலம் அரிது. பிரட்டுக்களமோ, சரிவை வெட்டிச் சமன் செய்த சிறு திடலோ கிடைத்துவிட்டால், அட்டன் பக்கத்திலும் நுவரெலியாப் பக்கத்திலும் விடுமுறை நாட்களில் அதுவே லயத்துச் சிறுவர்களின் ஆட்டக்களம் ஆகிவிடும். அங்கே பெரும்பாலும் மட்டைக்கு உரியவனே தலைவன். முதலில் ஆடுபவன் அவன். உருண்டோடிக் கானுக்குள் விழுந்த பந்தைத் தேடிச் செல்பவனோ அணியில் இளையவன். பிடியைத் தவறவிட்டவன் வசை கேட்கிறான். மறுவாரம் அவன் ஆட வருவதில்லை. மட்டை கையில் இருப்பதனால் மட்டும் ஒருவன் தலைவன் ஆகிவிடுவானா?

இவ்வினாவுக்கு விடை தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. முத்தையா முரளிதரனின் வரலாறே விடை பகரும். அவருடைய பாட்டனார் 1920ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் உழைக்க வந்தவர். பேரன் 1972இல் கண்டியில் பிறந்து, கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்றார். மிதவேகப் பந்து வீச்சாளராக இருந்த மாணவனைச் சுழற்பந்தின் பக்கம் திருப்பியவர், அங்கே பயிற்றுநராக இருந்த சுனில் பெர்னாண்டோ.

1995 டிசம்பர் 26ஆம் நாள். மெல்பேர்ண் மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட் ஆட்டம். முரளிதரன் பந்தை எறிகிறார் என்று கருதிய நடுவர் டாரல் ஹெயர், மூன்று ஓவர்களில் ஏழு முறை ‘நோ போல்’ அறிவித்தார். பல்லாயிரம் பார்வையாளர் நடுவே இருபத்து மூன்று வயது இளைஞர் தலைகுனிந்து நின்ற வேளை அது. அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க என்ன செய்தார்? பந்தைப் பறித்துக்கொண்டு அவரை எல்லைக்கோட்டுக்கு அனுப்பி மறைத்துவிடவில்லை. மற்றைய நடுவர் நின்ற முனைக்கு மாற்றிப் பந்தை மீண்டும் அவரிடமே கொடுத்தார். முரளிதரன் தொடர்ந்து வீசினார்.

தலைவர் சிங்களவர், வீரர் மலையகத் தமிழ்க் குடியின் வழிவந்தவர், நாடோ போரில் மூழ்கியிருந்த காலம். ஆயினும் தோழனுக்கு நேர்ந்த இடுக்கண் அணிக்கு நேர்ந்ததாகவே எண்ணப்பட்டது. பின்னர் ஆய்வுகூடங்களில் முரளிதரனின் கை சோதிக்கப்பட்டது. அவருடைய முழங்கை பிறவியிலேயே முழுவதும் நிமிராதது என்றும், எறிவதுபோலத் தோன்றுவது கண்மயக்கம் என்றும் 1996இல் அறியப்பட்டது.

1999 ஜனவரியில், அடிலெயிட் நகரில், வேறொரு நடுவர் அதே குற்றத்தைச் சாட்டினார். இம்முறை ரணதுங்க வீரர்களை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றார், ஆட்டம் தடைப்பட்டது. அதற்காக அவருக்கு அபராதமும், ஆறு ஆட்டங்களுக்கான ஒத்திவைத்த தடையும் விதிக்கப்பட்டன. மீண்டும் தொடங்கிய அவ்வாட்டத்தில் இலங்கை ஒரு விக்கெட்டால் வென்றது.

மாணவர்கள் இங்கே ஒன்றைப் பகுத்தறிதல் வேண்டும். நடுவருடன் பூசலிடுவதைத் தலைமை என்று கொள்ளலாகாது. அடிலெயிட் நிகழ்ச்சி இன்றும் விவாதத்துக்கு உரியது. மெல்பேர்ணில் கண்ட தலைமையோ விதிக்குள் நின்றே தோழனைக் காத்தது. இளைஞர் கைக்கொள்ளத்தக்கது அதுவே.

அந்த நம்பிக்கையின் விளைவை உலகம் அறியும். 1996இல் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றது. 2010இல் காலியில் முரளிதரன் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டைப் பெற்று விடைபெற்றார். அந்த இறுதிப் பந்தைப் பிடித்தவர் மஹேல ஜயவர்தன. முரளிதரனின் பந்து வீச்சில் அவர் பிடித்த பிடிகள் மட்டும் 77! வீசுபவன் ஒருவனாயினும் பிடிப்பதற்கு மற்றொரு கை வேண்டுமன்றோ? ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும்.

ஆகவே, தோட்டத்துத் திடலில் நிற்கும் தம்பியே, தங்கையே! துடுப்பாட்டமாயினும் கரப்பந்தாயினும் வலைப்பந்தாயினும், தலைவராக விரும்பினால் முதலில் உங்கள் அணியின் கடைசி ஆளைப் பாருங்கள். அவன் பிழைவிட்ட பின்னும் பந்தை அவனிடம் கொடுக்க உங்களுக்கு மனம் வருகிறதா? கானில் விழுந்த பந்தை எடுக்க நீங்களும் இறங்குகிறீர்களா?

பெற்றோருக்கும் ஒரு சொல். விளையாடி வீடு திரும்பும் பிள்ளையிடம், “எத்தனை ஓட்டம் எடுத்தாய்?” என்று கேட்பது வழக்கம். “இன்று யாருக்குக் கைகொடுத்தாய்?” என்றும் கேட்டுப் பாருங்கள். நாளடைவில் அக்கேள்விக்கு விடை வைத்துக்கொண்டே பிள்ளை வீடு திரும்பும்.