அடுப்படியில் ஆண்டவர்

சமையலுக்கே பொழுது சரியாகிவிடுகிறது, ஜபத்துக்கு நேரம் ஏது என்று அலுத்துக்கொள்ளும் தாய்மார்களுக்கு ஒரு சமையற்காரர் பதில் வைத்திருக்கிறார்.

லொரேன் பிரதேசத்தில் பிறந்த நிக்கோலா ஹெர்மான், போரில் காயம்பட்ட சிப்பாய். 1640-ல் பாரிஸிலுள்ள கார்மல் சபை மடத்தில் சேர்ந்து 'சகோதரர் லாரன்ஸ்' ஆனார். அங்கே கிடைத்த பணி என்ன தெரியுமா? சமையல்! அவருக்கு அது அடியோடு பிடிக்காத வேலை. ஆனாலும் மறுபேச்சில்லாமல் சுமார் 15 வருஷம் செய்தார். மடத்துக்குத் திராட்சை மது வாங்கி வர வெளியூருக்கு அனுப்பினார்கள். ஊனக் காலுடன் நடக்க முடியாமல், படகிலே பீப்பாய்கள்மீது உருண்டுதான் நகர்ந்தார். கவலையை மட்டும் ஆண்டவரிடமே விட்டுவிட்டார்.

முட்டை அடையைத் திருப்பிப் போடுவதுகூட அவருக்கு ஆராதனைதான். வேலைக்கிடையே ஆண்டவரோடு மனத்துக்குள் பேசிக்கொண்டிருப்பார். மனம் எங்காவது ஓடினால், சலித்துக்கொள்ளாமல் மெல்லத் திருப்பி அழைத்து வருவார். நாளடைவில் ஜப வேளை, வேலை வேளை என்ற பேதமே மறைந்தது.

1691-ல் அவர் காலமானார். அவருடைய கடிதங்களும் சம்பாஷணைகளும் அடங்கிய சிறு புத்தகம் இன்றும் வாசிக்கப்படுகிறது.

பிடித்த வேலையைப் பக்தியோடு செய்வது எளிது. பிடிக்காத வேலையிலும் ஆண்டவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாரே, அதுதான் கீழ்ப்படிதல்!