கானா இங்கே, அரங்கம் எங்கே?

திரைப்படத்தின் துணையின்றித் தமிழில் ஓர் இசைக்குழு நிலைக்க முடியுமா என்னும் கேள்விக்கு 2018 ஜனவரி 6 அன்று மாலை பாதி விடை கிடைத்தது. சென்னை கீழ்ப்பாக்கம் சிஎஸ்ஐ பெயின் பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு முதன்முறையாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் இணைந்து உருவாக்கிய குழு அது. மேடையில் 19 கலைஞர்கள். கானா பாடுவோர், ராப் பாடுவோர், கிடாரும் டிரம்ஸும் வாசிப்போர், பறையும் சட்டியும் அடிப்போர் எனப் பல திசைகளிலிருந்து வந்தவர்கள். குழுவின் பெயர், அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) முன்வைத்த 'சாதியற்ற தமிழர்' என்னும் கருத்திலிருந்து பிறந்தது. பார்க்க வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர்.

கேட்க ஆள் இருக்கிறதா என்னும் ஐயம் அன்றோடு நீங்கியது. கலைஞரின் வீட்டில் அடுப்பு எரியுமா என்பதுதான் மீதிப் பாதி. அது பொருளாதாரக் கேள்வி. இன்றளவும் விடை கிடைக்காத கேள்வி.

சுயாதீன இசை என்று இன்று நாம் குறிப்பிடுவது, திரைப்படத் தயாரிப்பாளரின் முதலீடோ பெரிய ஒலிப்பதிவு நிறுவனத்தின் ஒப்பந்தமோ இல்லாமல் கலைஞர்கள் தாமே எழுதி, இசையமைத்து, வெளியிடும் இசை. மேலை நாடுகளில் இதை 'இண்டி' என்பார்கள். அங்கே இத்தகைய ராக் குழுக்களின் தாய்வீடு, நூறு இருநூறு பேர் நின்று கேட்கக்கூடிய சிறிய கிளப்புகள். பீட்டில்ஸ் குழுவினர் உலகப் புகழ் பெறுவதற்கு முன் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகப் பகுதியிலும், தங்கள் ஊரான லிவர்பூலில் 'கேவர்ன்' என்னும் நிலவறைக் கிளப்பிலும் பாடிப் பழகியவர்கள். 1961 முதல் 1963 வரை கேவர்னில் மட்டும் ஏறத்தாழ 290 முறை மேடையேறினர். இரண்டும் துறைமுக நகரங்கள் என்பது தற்செயல் அன்று. கப்பலில் வரும் இசைத்தட்டு முதலில் இறங்குவது அங்கே. கூலி வாங்கிய கையோடு மாலைப் பொழுதைக் கழிக்க இடம் தேடும் இளைஞர் கூட்டம் இருப்பதும் அங்கேதான்.

நம் ஊரில் அதற்கு இணையான நிலம் ராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் வடசென்னை. துறைமுகத் தொழிலாளர், மீனவர், ஆலைத் தொழிலாளர், துப்புரவுப் பணியாளர் வாழும் தெருக்களில் வளர்ந்தது கானா. சாவு வீட்டில் இரவு முழுவதும் இறந்தவரின் வாழ்வையும் உலகின் நிலையாமையையும் பாடும் மரபு அது. டேப்பும் டோலக்கும் புல்புல் தாராவும் போதும்; அவையும் இல்லையெனில் ஒரு மேசைப் பலகை போதும். 1990-களில் இசையமைப்பாளர் தேவா அதைத் திரைப்படத்துக்குள் கொண்டுசென்றார். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் பாடிய இசைவாணி ராயபுரத்தில் வளர்ந்தவர். ஆண்களே கோலோச்சிய கானாவில் ஒரு பெண்ணாக நின்று பாடியதற்காக 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

எண்ணூருக்கும் சுயாதீன இசையில் தனி இடம் உண்டு. டி.எம். கிருஷ்ணா பாடி 2017 ஜனவரியில் வெளியான 'சென்னை புறம்போக்குப் பாடல்' படமாக்கப்பட்டது எண்ணூர்க் கழிமுகத்தில். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கொசஸ்தலையாற்றின் கரையில் கர்நாடக இசைக் கலைஞர் ஒருவர் அமர்ந்து பாடினார். அவர் பாடிய சொற்களை எழுதியவர் 'குரங்கன்' இசைக்குழுவின் கபேர் வாசுகி. மீஞ்சூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி மக்கள் ஆண்டுக்கணக்கில் மனுவாக எழுதிவந்த செய்தியை ஒரு பாட்டு சில நிமிடங்களில் நகரம் முழுவதும் கேட்க வைத்தது.

இவ்வளவு பாட்டைத் தந்த நிலத்தில், ஒரு சனிக்கிழமை மாலை நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போய் இத்தகைய குழுவைக் கேட்க முறையான ஓர் அரங்கம் எங்கே இருக்கிறது? மீஞ்சூரில் இருக்கும் இளைஞர் தமக்குப் பிடித்த குழுவைக் கேட்க நுங்கம்பாக்கத்துக்கோ அடையாற்றுக்கோ பழைய மகாபலிபுரம் சாலைக்கோ போகவேண்டும். பொருளியலில் ஒரு பொருளின் விலை என்பது சீட்டில் அச்சிட்ட தொகை மட்டுமன்று. போக வர ஆகும் செலவு, இழக்கும் நேரம், கடைசி மின்ரயிலைத் தவறவிட்டால் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே விலை. 300 ரூபாய்ச் சீட்டு மயிலாப்பூர்வாசிக்கு 350 ரூபாய் என்றால், மீஞ்சூர்வாசிக்கு எளிதில் ஆயிரத்தைத் தாண்டும். மகளை அனுப்பும் பெற்றோருக்கு அந்த விலை இன்னும் அதிகம்.

இதில் வரலாற்றின் விளையாட்டும் உண்டு. கர்நாடக இசைச் சபைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் முளைவிட்டது ஜார்ஜ் டவுனில்தான். வசதி படைத்தோர் மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் குடிபெயர, சபைகளும் அவர்கள் பின்னால் போயின. அரங்கம் எப்போதும் பாட்டு பிறந்த இடத்தில் அமைவதில்லை. பணம் குடியிருக்கும் இடத்தில் அமைகிறது.

தனியார் ஏன் இங்கே கிளப் திறப்பதில்லை? மேலை நாட்டுக் கிளப் பாட்டை விற்றுப் பிழைப்பதில்லை. பாட்டு கூட்டத்தைச் சேர்க்கிறது. மதுபான விற்பனை வாடகையைக் கட்டுகிறது. பெங்களூரின் பப்புகள் நடப்பதும் அவ்வாறே. தமிழ்நாட்டில் மது சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக்கின் கையில் உள்ளது. மது அருந்தும் கூடங்களுக்கான உரிமம் பெரும்பாலும் நட்சத்திர விடுதிகளுக்கும் உறுப்பினர் மன்றங்களுக்கும்தான். ஆகவே இங்கே 'கிளப்பில் ராக் இசை' என்றால் அது நட்சத்திர விடுதிக்குள் நடக்கும் நிகழ்ச்சியாகிவிட்டது. அங்கே ஒரு குளிர்பானத்தின் விலையில் வடசென்னையில் ஒரு குடும்பம் இரவு உணவை முடித்துவிடும். கிளப் வேண்டுமென்பதற்காக மதுவைத் தாராளமாக்கச் சொல்லவில்லை. குடியால் சீரழிந்த குடும்பங்களை இப்பகுதியில் வேண்டிய அளவு பார்த்தாயிற்று. ஆனால், மது இல்லாத அரங்கத்துக்கு வேறு வருமான வழி வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். மும்பையில் புகழோடு நடந்த 'புளூ ஃபிராக்' கிளப்பே 2007-இல் தொடங்கி 2016-இல் மூடப்பட்டது. மதுவோடு சேர்ந்தும் கடினமான தொழில் இது.

அது ஏன் கடினம் என்பதை வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்னும் இரு பொருளியலாளர்கள் 1966-இல் விளக்கினர். ஆலையில் இயந்திரம் வந்தால் ஒரு தொழிலாளி பத்து பேர் வேலையைச் செய்வார், கூலியும் உயரும். ஆனால், நால்வர் வாசிக்கும் இசையை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் நால்வர்தான் வாசித்தனர். இன்றும் நால்வரே வாசிக்கவேண்டும். இருமடங்கு வேகத்தில் வாசித்து உற்பத்தித்திறனைப் பெருக்க முடியாது. சுற்றிலும் கூலியும் வாடகையும் உயரும்போது நேரடிக் கலையின் செலவும் உயர்ந்துகொண்டே போகும். இதற்குப் 'பாமலின் செலவு நோய்' என்று பெயர். 19 பேர் கொண்ட குழுவை நினைத்துப் பாருங்கள்: ஒத்திகைக்கூட வாடகை, ஒலியமைப்பு, வண்டி, ஆளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. நுழைவுக் கட்டணம் 500 ரூபாயைத் தாண்டினால் 18 விழுக்காடு ஜிஎஸ்டி வேறு.

இணையத்தில் பாட்டை வெளியிட்டுச் சம்பாதிக்கலாமே என்பார்கள். 1981-இல் ஷெர்வின் ரோசன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதற்கு முன்கூட்டியே விடை சொன்னது: பெருந்திரளை எட்டும் தொழில்நுட்பம் வளர வளர, உச்சியில் உள்ள சிலருக்கே வருமானம் குவியும். ஸ்பாட்டிஃபை தளத்தில் 2024 முதல், ஒரு பாட்டு ஓராண்டில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாவிட்டால் அதற்கு உரிமத்தொகை கணக்கிடப்படுவதே இல்லை. பெருவெற்றி பெற்றாலும் பணம் வரும் என்பதற்கு உறுதியில்லை. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவிலிருந்து வந்த அறிவும் பாடகி தீயும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' 2021-இல் உலகெங்கும் ஒலித்தது. அப்பாட்டின் வழியாகத் தங்களுக்கு எந்த வருமானமும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் 2024-இல் வெளிப்படையாகக் கூறினார். உலகம் கேட்ட பாட்டுக்கே அந்தக் கதி என்றால், ஊர் மட்டும் கேட்கும் பாட்டுக்கு?

எனவே மேடைதான் மிஞ்சுகிறது. அதிலும் சிறிய மேடை. ஓய்வுபெற்ற பிறகு என் பழைய மாணவர்கள் சிலர் இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு என்னை அழைத்துச் சென்றதுண்டு. ஒலி சற்று அதிகம்தான்; என் வயதுக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொள்வது நல்லது. ஆனால், கைபேசியில் கேட்கும் பாட்டில் இல்லாத ஒன்று அங்கே நிகழ்கிறது. முன்வரிசையில் ஒருவர் முகம் சுளித்தால் பாடுபவர் அதைக் காண்கிறார். கூட்டம் ஒரு வரியைத் திரும்பப் பாடினால் அந்த வரி நீளுகிறது. வரவேற்பில்லாத பாட்டு அடுத்த நிகழ்ச்சியில் காணாமற்போகிறது. கேட்பவரும் பாடுபவரும் சேர்ந்து பாட்டைச் செதுக்கும் பட்டறை அது. சாவு வீட்டுக் கானாவும் அப்படித்தான் செதுக்கப்பட்டது. பெரிய மைதானத்தில் திரையில் தெரியும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு இது வாய்க்காது.

பிரிட்டனில் சிறு அரங்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, அவற்றைக் காக்க 2014-இல் 'மியூசிக் வென்யூ டிரஸ்ட்' என்னும் அமைப்பு தோன்றியது. பெரிய அரங்குகளின் சீட்டு விலையில் ஒரு சிறு பங்கைச் சிறு அரங்குகளுக்குத் திருப்பவேண்டும் என்று 2024-இல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு ஒன்று பரிந்துரைத்தது. கேவர்ன் கிளப்பையே 1973-இல் ரயில்வே பணிக்காக மூடிவிட்டுப் பிறகு வருந்தி, 1984-இல் மீண்டும் கட்டினார்கள். இன்று லிவர்பூலுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் பலரும் தேடிப்போகும் இடம் அது.

நம்மிடம் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. 2015-இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா, மீனவக் குப்பத்தின் நடுவே கர்நாடக இசையையும் பறையையும் ஒரே மேடையில் ஏற்றியது. 2020 முதல் நீலம் பண்பாட்டு மையம் மார்கழியில் மக்களிசை விழா நடத்துகிறது. அரசின் சென்னை சங்கமம் பொங்கலையொட்டிப் பூங்காக்களில் நடைபெறுகிறது. எல்லாமே போற்றத்தக்கவை, ஆனால் விழாக்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் விழாவில் ஒரு குழு தன்னைக் காட்டலாம். வளர்வதற்கு மாதந்தோறும் மேடை வேண்டும்.

அதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. மாநகராட்சிக்கும் பேரூராட்சிகளுக்கும் சமுதாயக் கூடங்கள் உள்ளன. முகூர்த்த நாள்களில் திருமணம், மற்ற நாள்களில் பூட்டு. அவற்றுள் திருவொற்றியூர், ராயபுரம், மீஞ்சூர் பகுதிகளில் ஒவ்வொன்றைத் தேர்ந்தெடுத்து, மாதம் இரு மாலைகள் குறைந்த வாடகைக்கு இசைக்குழுக்களுக்கு ஒதுக்கலாம். ஒலியமைப்பைக் கூடத்திலேயே நிரந்தரமாகப் பொருத்திவிட்டால் குழுக்களின் பெரிய செலவு ஒன்று குறையும். எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் வல்லூரிலும் இயங்கும் பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் இதற்கு ஆகும் தொகை பொருட்படுத்தத்தக்கதன்று. காவல் துறை அனுமதியை நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி கேட்க வைக்காமல், ஆண்டுக்கு ஒருமுறை கூடத்துக்கே வழங்கலாம்.

நேரத்தை மட்டும் கவனமாக வைக்கவேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை உள்ளது, அது நியாயமானதே. மாலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடித்தால், விம்கோ நகர் மெட்ரோவுக்குப் போகிறவர்களும் கும்மிடிப்பூண்டி மின்ரயிலுக்குப் போகிறவர்களும் வீடு போய்ச் சேரலாம். முதல் ஷிப்டுக்கு விடியற்காலையில் எழ வேண்டியவர்களும் வந்து கேட்கலாம்.